எவ்வளவு குறைத்தால் தாங்கும்

அக்டோபர் 23, வியாழன்

இரண்டு நாளாக மழை. எங்கள் தெருவில் நாலு தூறல் விழுந்தாலே கரண்ட் போய்விடும். இன்று கொட்டித் தீர்த்ததில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போய்விட்டது. இன்வெர்ட்டர் பாவம், என்ன செய்யும்? இந்த வீட்டில் அதை நம்பி இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. முன்னறையில் என் கம்ப்யூட்டர். உள்ளறையில் அத்தையின் ஆக்சிஜன் மெஷின்.

இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கத்து கத்தென்று கத்திவிட்டு இன்வெர்ட்டர் படுத்துவிட்டது. கோயம்புத்தூர்க் கம்பெனிக்காக நான் வரைந்த கல்யாண மண்டபம் அப்போது ரெண்டரிங்கில் இருந்தது. வரைந்த கட்டடத்தை நிஜப் போட்டோ மாதிரி ஆக்கும் வேலை அது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி முடிந்த நேரத்தில் எல்லாம் போச்சு. திரை கறுத்ததும் நான் முதலில் நினைத்தது மண்டபத்தைத்தான். உள்ளறையில் மெஷின் அலறுவது அதற்கப்புறம்தான் காதில் ஏறியது. ஹெட்போன் போட்டிருந்தேன் என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

ஓடிப்போய் மூலையிலிருந்த சின்ன சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினேன். அத்தை என்னைவிட நிதானமாக இருந்தார்.

"பதறாத. ஒன் பொட்டி என்னாச்சு?"

"அணைஞ்சிருச்சு."

"ம்."

நான் இந்த வீட்டுக்கு வந்து தங்கி நாலு மாதமாகிறது. எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் இந்த அளவுதான்.

அக்டோபர் 24, வெள்ளி

அத்தையின் மகன், என் வீட்டுக்காரர் சிவகுருவிடம் போனில் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவார். கையெல்லாம் மாவு, அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"கரண்ட் போனா கம்ப்யூட்டர அணைச்சிரு தமயந்தி. அவ்ளோதான விஷயம்?"

"பாதி நாள் கரண்டே இல்ல. பாதி நாள் அணைச்சு வச்சிக்கிறவளுக்கு யாரு வேலை குடுப்பா?"

"அப்ப கொஞ்ச நாளைக்கு வேலைய விட்ரு. அம்மாவ விடவா?"

அம்மாவை விடவா என்று கேட்டால் எவள் என்ன பதில் சொல்ல முடியும்? நல்ல கேள்வி. கேட்கத் தெரிந்தவர்.

இரண்டு பேட்டரி போடுகிற பெரிய இன்வெர்ட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். கடைக்காரர் "மழை விட்டதும் வந்துரும்மா" என்கிறார். கம்பெனியில் மண்டபத்தின் படங்களை நவம்பர் பதினைந்துக்குள் கேட்கிறார்கள். அது பிடித்துப்போனால் வீட்டிலிருந்தே செய்யும் நிரந்தர வேலை. இல்லையென்றால் நன்றி, வணக்கம். நான் கல்யாணத்துக்கு முன்பிருந்து செய்துவரும் வேலை இது. அந்தக் கம்ப்யூட்டர் நானே ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பொருத்தியது. சென்னையிலிருந்து சாமான் ஏற்றி வந்த வண்டியில் அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

போனை வைத்த பிறகுதான் உள்ளறைக் கதவு திறந்திருந்ததைப் பார்த்தேன். கேட்டிருக்குமோ?

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். அதாவது உலகத்துக்குப் பழசு, எனக்குப் புதுசு.

கம்ப்யூட்டரை ஓட்டும் பிராசசர் சில்லுக்குக் கம்பெனிக்காரன் தேவைக்கு மேலேயே வோல்டேஜ் கொடுத்துத்தான் அனுப்புகிறானாம். ஒரே அச்சில் வார்த்தாலும் எல்லாச் சில்லும் ஒன்றுபோல் இருக்காது. சிலது வலுவானது, சிலது நோஞ்சான். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருக்க அவனுக்கு நேரமில்லை. அதனால் நோஞ்சானுக்கும் போதுமான அளவை எல்லாவற்றுக்கும் வைத்துவிடுகிறான். நம்முடையது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பது. எங்கே படுத்துவிடுகிறதோ அதற்கு ஒரு படி மேலே வைத்துக்கொண்டால் போதும். வேகத்தையும் கொஞ்சம் குறைத்தால் இன்னும் லாபம். வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், கரண்ட் பாதிதான் இழுக்கும் என்று சத்தியம் செய்கிறார்கள்.

பாதி! இத்தனை வருடம் இந்தப் பெட்டி சும்மா வயிறுமுட்டத் தின்றுகொண்டிருந்ததா?

அக்டோபர் 29, புதன்

பிளக்கில் செருகினால் எத்தனை வாட்ஸ் போகிறது என்று காட்டும் சின்ன மீட்டர் மயிலாடுதுறைக் கடையில் கிடைத்தது. பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார்கள். கம்ப்யூட்டரைச் செருகி ரெண்டரிங் ஓடவிட்டேன். நூற்றுத் தொண்ணூறு. எனக்கே வெட்கமாகிவிட்டது.

பெட்டி விழித்தெழும்போது ஒரு சாவியைத் தட்டினால் அதன் ஆதி அமைப்புகள் இருக்கும் நீலப் பக்கம் வரும். அதில் வோல்டேஜை ஒரு படி குறைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு படி. ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதும் தாண்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரேயடியாக நாலு படி இறக்கினேன். பெட்டி விளக்கைப் போட்டது, விசிறியைச் சுற்றியது, திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை.

அரை மணி நேரம் நகத்தைக் கடித்தேன். பிறகு விவரம் படித்து, பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் காத்திருந்து மாட்டினேன். நடந்ததெல்லாம் மறந்து, பிறந்த அன்றிருந்த மாதிரி எழுந்து வந்தது. மனுஷிக்கும் இப்படி ஒரு பட்டன் இருந்தால் என் மாமியார்–மருமகள் பிரச்சினை ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

அக்டோபர் 31, வெள்ளி

அத்தை என்னிடம் கேள்வி கேட்டார்! தேதி குறித்து வைக்க வேண்டிய சம்பவம்.

இரண்டு பேரும் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மூக்குக் குழாயைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டே, "பொட்டிய மூணு நாளா குடைஞ்சிகிட்டு இருக்கியே, என்னா பண்ற?" என்றார்.

சொன்னேன். சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன். நோஞ்சான் சில்லு, கம்பெனிக்காரனின் ஜாக்கிரதை, படிப்படியாகக் குறைப்பது, படுத்துவிடும் இடத்தைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அத்தை பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் பௌதிகம் எடுத்தவர் என்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது.

"வோல்டேஜோட வர்க்கம்ல?" என்றார். "பாதியாக்குனா கால்வாசிதான் தின்னும்."

"பாதியெல்லாம் ஆக்க முடியாது அத்தை. கொஞ்சம்தான். ஆனா அதுக்கே நல்ல வித்தியாசம்."

"அப்ப எல்லாத்துக்கும் கூடுதலாத்தான் எழுதி வைக்கிறான்."

"ஆமா. நமக்கு எவ்ளோ போதும்னு நாமதான் பாத்துக்கணும்."

"ம்" என்றார். ஆனால் வழக்கமான 'ம்' இல்லை. யோசிக்கிற 'ம்'. சாப்பிட்டு முடித்த பிறகும் தட்டில் கோடு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இவருக்கும் எனக்கும் பொதுவாக ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது, எழுதினால் என்ன.

நவம்பர் 2, ஞாயிறு

பிடித்துவிட்டேன். என் பிராசசர் நோஞ்சான் இல்லை. வோல்டேஜ் ஐந்து படி கீழே, வேகம் கொஞ்சம் கீழே. முழு ரெண்டரிங்கில் மீட்டர் தொண்ணூறு காட்டுகிறது.

விசிறியும் இப்போது மெதுவாகச் சுற்றுகிறது. முன்பு அறையில் மாவு மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும், அதற்குத்தான் ஹெட்போன். பழக்கதோஷத்தில் இன்றும் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை பத்து மணியிலிருந்து கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் மத்தியானம் இரண்டு வரைக்கும் ஓடியது! கத்தவே இல்லை. கரண்ட் வந்தபோது பேட்டரியில் இன்னும் கொஞ்சம் மீதி.

சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் நின்று தனியாக ஒரு ஆட்டம் போட்டேன். சிவகுருவுக்குப் போன் செய்து, "வேலைய விடணுமாம்ல, வேலைய" என்று ஆரம்பித்து ஒரு பிடி பிடித்தேன். அவர் பாராட்டினார். பாராட்டத்தான் வேண்டும்.

அத்தையிடமும் சொன்னேன். படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து, "நல்லது கோமதி" என்றார். கோமதி இறந்துபோன அவருடைய தங்கை. திருத்தவில்லை, தூக்கக் கலக்கம்.

நவம்பர் 6, வியாழன்

அத்தை தினமும் பேப்பரில் வரும் சுடோகுவைப் பேனாவால்தான் போடுவார். பென்சிலைத் தொட மாட்டார், அது ஒரு கௌரவம். இன்று பேப்பரை மடிக்கும்போது பார்த்தேன், ஒரே வரிசையில் இரண்டு ஏழு. எனக்கு உள்ளுக்குள் ஒரு அல்ப சந்தோஷம். டீச்சருக்கும் தப்பு வரும்.

காலையிலிருந்து தலைவலி என்று தைலம் கேட்டார். மழைக் குளிர்தான். கதவைச் சாத்திக்கொண்டு படுக்கச் சொன்னேன். அவரும் இப்போதெல்லாம் கரண்ட் போனதும் தானாகவே கதவைச் சாத்திக்கொள்கிறார். என் திரை வெளிச்சத்தில் கண் கூசுகிறதாம்.

நவம்பர் 7, வெள்ளி

என் வெற்றியில் ஒரு ஓட்டை.

மண்டபத்தின் முதல் படம் முடிந்தது. முகப்பு, தூண்கள், வாழைமரம் கட்டிய வாசல் எல்லாம் அழகாக வந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது மேடைக்குப் பின்சுவரில் குங்குமப் பொட்டளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம். தூணில் இன்னொன்று. நான் வரையாதது. மறுபடி ஓடவிட்டால் அந்த இடம் சரியாகிவிட்டது, வேறு இடத்தில் கறுப்பு.

படித்துப் பார்த்தேன். வோல்டேஜ் போதாவிட்டால் பிராசசர் உடனே படுத்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். படுப்பதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்கிறது. அதில் அது நன்றாக நடந்துகொண்டே சின்னச் சின்னக் கணக்குகளைத் தப்பாகப் போடும். தப்பாகப் போட்டது அதற்கே தெரியாது. பார்க்கிறவருக்கும் சட்டென்று தெரியாது. படுத்துவிட்ட பெட்டியை எழுப்பிவிடலாம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தப்புப் போடும் பெட்டியை என்ன செய்வது?

ஒரு படி ஏற்றி வைத்தேன். மீட்டர் தொண்ணூற்றைந்து. கறுப்பு போய்விட்டது. இதையெல்லாம் அத்தையிடம் சொல்லப் போனேன், தூங்கிக்கொண்டிருந்தார். இப்போது நிறையத் தூங்குகிறார்.

நவம்பர் 9, ஞாயிறு

சிவகுரு வந்துவிட்டுப் போனார். இரண்டு நாளும் அதிசயமாகக் கரண்ட் இருந்தது. அத்தை தெளிவாக இருந்தார், மகனுக்கு வாழைக்காய் வறுவல் எப்படிச் செய்வது என்று எனக்குக் கட்டிலிலிருந்தே உத்தரவு போட்டார். சுடோகுவும் தப்பில்லாமல் முடித்திருந்தார். பார்க்கத்தான் பார்த்தேன்.

அத்தை காதில் விழும் இடத்தில் நான் சிவகுருவை 'நீங்க' என்பேன், மற்ற இடத்தில் 'நீ'. கிளம்பும்போது வாசலில் தவறிப்போய் "பத்திரமா போயிட்டு வா" என்று கத்திவிட்டேன். உள்ளேயிருந்து இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

கணக்கு இடிக்கிறது.

இன்றும் நேற்றும் நீளமான கட். இரண்டு நாளும் இன்வெர்ட்டர் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. மத்தியானம் சும்மா உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். அத்தையின் மெஷின் ஏறக்குறைய முந்நூறு வாட்ஸ் இழுக்கும், அதன் முதுகில் எழுதியிருக்கிறது. என் பெட்டி நூற்றுத் தொண்ணூறிலிருந்து பாதியாகிவிட்டது, சரி. ஆனால் பெரிய தீனிக்காரர் இன்னும் அப்படியேதானே இருக்கிறார்? நான் மிச்சம் பிடித்ததற்கு அரை மணி நேரம்தான் கூடியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடியிருக்கிறது.

எங்கிருந்து வந்தது இந்தக் கூடுதல்? பேட்டரி திடீரென்று இளமையாகிவிட்டதா? மீட்டர் பொய் சொல்கிறதா? மீட்டரில் இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டுகிறது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வருபவரைக் கேட்டேன். "பழைய பேட்டரிம்மா, போகப் போகக் குறையும், கூடாது" என்றார்.

நல்லது நடக்கும்போது யாராவது ஏன் என்று நோண்டுவார்களா? நான் நோண்டுவேன். காரணம் தெரியாத நல்லது எனக்கு ஆகாது. நாளைக்குக் கரண்ட் போகும்போது வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இன்வெர்ட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.

நவம்பர் 12, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. உள்ளறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் ரெண்டரிங்கை ஓடவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இன்வெர்ட்டர் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அதன் சின்னத் திரையில் எவ்வளவு சுமை என்று கோடுகள் ஏறி இறங்கும். முழுக்க ஏறியிருந்தது. சரிதான், கணக்குப்படிதான் போகிறது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் நின்றது, மற்றதெல்லாம் இறங்கிவிட்டன.

என்ன இது என்று தட்டிப் பார்த்தேன். அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது உறைத்தது. என் பெட்டி ஓடுவதே தெரியவில்லை. மழை பெய்வது கேட்டது. அடுத்த வீட்டில் யாரோ தேங்காய் உடைப்பது கேட்டது. அத்தையின் மெஷின் 'புஸ்ஸ்... டக், புஸ்ஸ்... டக்' என்று நாளெல்லாம் மூச்சு விடுமே, அது கேட்கவில்லை.

கதவைத் தள்ளினேன். அத்தை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. மெஷின் சுவிட்ச் அணைந்திருந்தது, கை அதன் மேலேயே இருந்தது. இன்னொரு கையின் ஆள்காட்டி விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப். அதைப் பரீட்சை ஹாலில் கடிகாரம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது.

கிளிப்பில் எண்பத்து நாலு.

தொண்ணூறுக்குக் கீழே விடவே கூடாது என்று டாக்டர் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! நான் பாய்ந்து சுவிட்சைப் போட்டேன். போட்ட கையோடு அழுதேன், கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அவர் கொஞ்சம் மூச்சு வந்ததும் பேசினார்.

"கத்தாத. எம்பத்தஞ்சு வரைக்கும் தாங்குது. அதுக்குக் கீழ போனா போட்ருவேன். கொஞ்சம் ஏறுனதும் மறுபடி அணைப்பேன்."

"யாரு சொன்னா ஒங்களுக்கு இப்புடிப் பண்ணச் சொல்லி?"

"நீதான் சொன்ன. எல்லாத்துக்கும் கூடுதலாத்தான் எழுதி வைப்பான், நமக்கு எவ்ளோ போதும்னு நாமதான் பாத்துக்கணும்னு."

ரசம் சாதத்தோடு நான் ஒப்பித்த பாடம். அதை ஒரு பௌதிக டீச்சர் தன் நுரையீரலில் செய்முறை செய்து பார்த்திருக்கிறார்.

"அது பெட்டி அத்தை! அது படுத்துட்டா பட்டன் பேட்டரியக் கழட்டி மாட்டுவேன். ஒங்கள எங்க கழட்டி எங்க மாட்டுறது?"

அதற்கு அவர் சிரித்தார். சிரிக்க மூச்சு போதாமல் இருமினார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். எலும்பு கையில் தட்டியது. நாலு மாதத்தில் முதல் தடவையாக இப்படித் தொடுகிறேன்.

"எதுக்கு அத்தை?"

"குரு போன்ல சொன்னத கேட்டேன்ல. நீ வேலைய விட்டுட்டின்னா நாள் பூரா என்னையே பாத்துகிட்டு ஒக்காந்திருப்ப. அத என்னால தாங்க முடியாதுடியம்மா."

தொண்ணூற்று இரண்டு ஆகும்வரை கிளிப்பையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஏழு. கோமதி. தலைவலி. தூக்கம். சுவரிலிருந்த கறுப்புச் சதுரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவளுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டும் படவில்லை. தப்புப் போடும் பெட்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேனே, எழுதிவிட்டுப் போய்ப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தார், திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

டாக்டரிடம் போனில் சொன்னேன். அத்தைக்கு ஒரு டோஸ், எனக்கு இரண்டு டோஸ் திட்டு. மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் முதலில் இப்படித்தான் சின்னச் சின்னத் தடுமாற்றமாக வருமாம். "அவங்க நல்லாருக்கேன்னு சொன்னா நம்பாதீங்க" என்றார். பத்து நாளைக்கு முன்னால் சொல்லியிருந்தால் நானும் தெரிந்துகொண்டிருப்பேன். இல்லை, அவர் முன்பே சொல்லித்தான் இருப்பார்.

சிவகுருவிடம் சொல்லக் கூடாது என்று அத்தை கட்டளை. சொல்லுவேன் என்றேன். சொன்னேன். "நான் அன்னைக்கு வேலைய விடுன்னு சொன்னதாலயா?" என்றார்.

கம்பெனிக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன். ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டேன். மூன்று நாள் தருகிறோம் என்றார்கள். பரவாயில்லை, மூன்று நாளும் நாள்தான்.

அத்தையின் மெஷினுக்கு எவ்வளவு வேண்டுமோ அது முதலில். மிச்சம் இருப்பதற்குள் என் பெட்டி அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அணைத்துவிடுவேன், வேலை போனால் போகட்டும். இதை அத்தையிடமும் சொல்லிவிட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நவம்பர் 14, வெள்ளி

வேகத்தைப் பாதியாக்கிவிட்டேன். வேகம் குறைந்தால் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கச் சம்மதிக்கிறது. கரண்ட் இல்லாதபோது ரெண்டரிங் கிடையாது, வரைவது மட்டும். கரண்ட் வந்ததும் ரெண்டரிங், அதுவும் ஆமை வேகத்தில். வரையும்போது பெட்டி மட்டும் நாற்பது வாட்ஸ்தான். திரையின் வெளிச்சத்தையும் குறைத்தேன்.

நீலப் பக்கத்தை நான் வாய்விட்டுப் படித்ததைக் கேட்டு அத்தை கட்டிலிலிருந்து, "மல்டிபிளையர்னா என்னா, வேகத்த அதுவா நிர்ணயிக்குது?" என்று கேட்டார். கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது புதுச் சட்டம். சாத்தினால் கழற்றி எடுத்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறேன்.

பதில் சொல்வதற்கு முன்னால் யோசித்தேன். இவரிடம் இனிமேல் எதையும் அளந்துதான் சொல்ல வேண்டும். அப்புறம் சொன்னேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கரண்ட் போனது. மெஷின் 'புஸ்ஸ்... டக்' என்றது.

"ஒன்னுது எவ்ளோ?" என்றார் உள்ளேயிருந்து.

மீட்டரைப் பார்த்து, "நாப்பத்திரண்டு. ஒங்களுது?" என்றேன்.

"தொண்ணூத்தி மூணு."

"காட்டுங்க."

"டீச்சரையே சந்தேகப்படுறியா?"

"ஆமா."

எழுந்து போய்ப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்றுதான். இப்போது நாள் முழுக்க இதுதான் எங்கள் பேச்சு. அவர் ஒரு எண் கேட்பார், நான் ஒரு எண் கேட்பேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மண்டபம் முடிந்தது. அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் அத்தையின் மடியில் மடிக்கணினி மாதிரி திரையைச் சாய்த்துவைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தார்.

"பந்தி ஹாலுக்கும் கைகழுவற எடத்துக்கும் நடுவுல இவ்ளோ தூரமா? வயசானவுங்க நடக்க வேணாமா?"

பிளான் எஞ்சினியர் போட்டது, அதைப் பார்த்துப் படம் வரைவதுதான் என் வேலை என்றேன். "அப்ப அந்தாளுகிட்ட சொல்லு" என்றார். குறிப்பில் எழுதி அனுப்பினேன்.

நவம்பர் 24, திங்கள்

வேலை நிரந்தரம். அந்தக் கைகழுவும் இடத்தைப் பற்றிய குறிப்பைப் பாராட்டியிருக்கிறார்கள். அத்தையிடம் சொன்னால் தாங்கமுடியாது என்பதால் சாயங்காலம் வரை சொல்லவில்லை. சாயங்காலம் சொன்னேன். தாங்கமுடியவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

மழை விட்டு வெயில் வந்தது. பெரிய இன்வெர்ட்டரும் இன்று வந்தது. இரண்டு பேட்டரி, நாலு ஆள் தூக்கிவந்து வைத்தார்கள். சிவகுரு லீவு போட்டு வந்து பக்கத்திலேயே நின்று மாட்டச் சொன்னார். இனி இரண்டு இயந்திரமும் முழுசாக ஓடினாலும் அரை நாள் தாங்குமாம்.

"இனிமே ஒன் கம்ப்யூட்டர பழையபடி ஓட்டிக்க, தமயந்தி. எதுக்கு நொண்டி நொண்டி வேலை பாக்கணும்?" என்றார்.

நியாயம்தான். நீலப் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். புது வேலை ஒன்றை ரெண்டரிங்குக்குப் போட்டேன். அப்பா, என்ன வேகம்! நாள் முழுக்க ஆகிற படம் கொஞ்ச நேரத்தில் பாதி வந்துவிட்டது. விசிறி உறுமியது. மீட்டர் நூற்றுத் தொண்ணூறைத் தொட்டது.

கொஞ்ச நேரம் வேலை செய்தேன். ஏதோ சரியில்லாத மாதிரி இருந்தது. எழுந்து போய் உள்ளறையை எட்டிப் பார்த்தேன். அத்தை சுடோகு போட்டுக்கொண்டிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து போய்ப் பார்த்தேன்.

"என்னாடி, நடை பழகுறியா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

மூன்றாவது தடவை எழுவதற்குப் பதிலாகப் பெட்டியை அணைத்தேன். நீலப் பக்கத்துக்குப் போய் வேகத்தைப் பாதியாக்கி, வோல்டேஜைக் கீழே கொண்டுவந்து வைத்தேன். சிவகுரு பார்த்துவிட்டு, "இப்பதான் கரண்ட் பிரச்சினை இல்லையே, இன்னும் எதுக்கு?" என்றார். விசிறிச் சத்தத்தில் தலை வலிக்கிறது என்றேன். உண்மைதான், வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஹெட்போனை அலமாரியில் போட்டுவிட்டேன். விசிறி அடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெரு கேட்டது, காக்கை கேட்டது. அப்புறம் உள்ளறையிலிருந்து புஸ்ஸ்... டக், புஸ்ஸ்... டக். அதைக் கேட்டுக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன்.